உழைப்பாளர் இசை நாடக மன்றத்தின் கடைசி நாடகம்

திருப்பாச்சூர்
3.3.2025

தங்கை சுமலதாவுக்கு,

தணிகைவேல் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். உன் பழைய நம்பரை இப்போது வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். உன் தம்பி மதனிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. ஊத்துக்கோட்டை விலாசத்தை, உன்னோடு கம்பெனியில் வேலை பார்த்த திலகவதிதான் கொடுத்தாள். போன் கிடைத்திருந்தாலும் என் திக்குவாயை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசியிருக்க முடியாது.

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டியில் வினோதா என்று ஒரு டீச்சர். பள்ளிக்கூடம் படிக்கும்போது நம் நாடகத்தைப் பார்த்தவராம். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, நம்முடைய முதல் நாடகமான ‘உப்புப் படகை’ மே பதினெட்டாம் தேதி போடப்போகிறார். அன்றைக்கு மன்றத்தின் வரலாறு ஒரு சின்னப் புத்தகமாக வர வேண்டுமாம். எழுதித் தரச் சொல்லி என்னிடம் நோட்டு கொடுத்திருக்கிறார்.

எழுத உட்கார்ந்தால் வந்துகொண்டே இருக்கிறது. 2003-இல் இரும்பு மில் கேன்டீனில் நானும் லோகுவும் ஆரம்பித்தது. ஹார்மோனியம் அவன். நாடகம் எழுத எனக்கு ஆசை, ஆனால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது. “பாடும்போது மட்டும் திக்க மாட்டேங்கிறியேப்பா. அப்போ எல்லாத்தையும் பாட்டாவே போட்ரு” என்றான் லோகு. அப்படித்தான் வசனமே இல்லாத நாடகம் பிறந்தது. மேல்நாட்டில் இதற்குத் தனியாக ஒரு பெயர் உண்டு என்று வினோதா டீச்சர் சொல்கிறார். நமக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. புது கும்மிடிப்பூண்டி ஆடித் திருவிழாவில் முதல் தடவை ஏறினோம். அரை மணி நேரம் கழித்து முன் வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து, “இன்னாப்பா, பாடிக்கினே கீறீங்க, எப்போ பேசுவீங்க?” என்று கத்தினார். அடுத்த வருஷம் அதே ஆள் குடும்பத்தோடு வந்தார்.

பூவராகவன் மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டியது, லாரி எடைமேடைக் கொட்டகையில் நடந்த ஒத்திகைகள், 2006-இல் நீ பிஸ்கட் கம்பெனி யூனிஃபார்மோடு வந்து பாடியது எல்லாம் எழுதிவிட்டேன். ஆறு நாடகம் முடிந்தது. ஏழாவதுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அன்புராஜ் பெயர் இல்லாமல் மன்றத்துக்கு வரலாறு இல்லை. உன்னைக் கேட்காமல் அதை எழுதவும் மாட்டேன்.

ஒரு வரி பதில் போட்டால் போதும்.

தணிகைவேல்


ஊத்துக்கோட்டை
14.3.2025

திரு. தணிகைவேல் அவர்களுக்கு,

நான் வந்தது 2006 அல்ல. 2005 நவம்பர். பெரிய மழை பெய்து ரோடெல்லாம் தண்ணீர் நின்ற வாரம். பிஸ்கட் கம்பெனி அல்ல, பேட்டரி கம்பெனி. முதல் நாள் நான் பாடியது தெலுங்குப் பாட்டு. தமிழ்ப் பாட்டு எனக்கு முழுசாக ஒன்றும் தெரியாது. லோகு அண்ணன்தான், “குரல் நல்லா கீது, பாஷைய அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். எழுதுவதென்றால் சரியாக எழுதுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயரை எழுத வேண்டாம்.

காரணம் உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல ‘பேனா நின்றுவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2017 பிப்ரவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. பஜார் கல்யாண மண்டபம். ‘படகோட்டியின் மனைவி’. ஏழு முப்பத்தைந்துக்கு மில்லில் கூட வேலை செய்த சடையப்பன் உங்களுக்குப் போன் செய்தான். எட்டு இருபத்தைந்துக்குத் திரை விழுந்தது. அதற்குப் பிறகுதான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். ஐம்பது நிமிடம். படகோட்டி கடலில் செத்துப்போகிற வேஷம் உங்களுக்கு. இடைவேளைக்கு முன்னாலேயே உங்கள் வேலை முடிந்துவிட்டது. பிறகு திரைக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தீர்கள். நான் மேடையைவிட்டு இறங்காமல் ஒப்பாரியும் கடைசிக் காட்சியும் பாடிக்கொண்டிருந்தேன். என் புருஷன் ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

செங்குன்றம் தாண்டுவதற்குள் அவர் உயிர் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நெற்றியில் பொட்டு இல்லை. நாடகத்தில் அழித்த பொட்டு. அங்கே இருந்த நர்ஸ், எனக்கு ஏற்கெனவே சேதி தெரியும் என்று நினைத்து, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

இதை உங்கள் புத்தகத்தில் போட முடியுமா?

சுமலதா


திருப்பாச்சூர்
22.3.2025

தங்கை சுமலதாவுக்கு,

போட முடியும். போடத்தான் போகிறேன்.

சடையப்பன் போனில் சொன்னபோது அடிபட்டிருக்கிறது என்றுதான் எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மண்டபத்தில் ஐந்நூறு பேர். நீ பாடிக்கொண்டிருந்தாய். உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நான் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கு முதல் எழுத்தே வந்திருக்காது. இது சாக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஷிஃப்ட் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு இரண்டாம் ஷிஃப்டில் கிரேன் ஓட்ட வேண்டியவன் நான். அன்புராஜுக்கு வார விடுமுறை. என் இடத்தில் அவர் போனார். கொக்கியில் ஏதோ சிக்கியது என்று கீழே இறங்கிப் பார்த்தபோது பாரம் சாய்ந்தது. நான் கேட்டுத்தான் அவர் போனார் என்று மில்லில் எல்லோரும் சொன்னார்கள். மதன் சுடுகாட்டில் என்னை எல்லோர் முன்னாலும் அடித்ததும் அதற்காகத்தான்.

உண்மையில் நடந்தது வேறு. சனிக்கிழமை ஒத்திகையில், என் ஷிஃப்டை எடுக்க யாருமே ஒத்துக்கொள்ளவில்லை, நாளைக்கு நாடகம் இல்லை என்று புலம்பினேன். அன்புராஜ் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். “நான் போறேண்ணா. நீ போய் பாடு.” நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் சந்தோஷத்தில் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கேட்டதற்கும் வேண்டாம் என்று சொல்லாததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘மன்றத்தை ஆரம்பித்த தணிகைவேல், தன் ஷிஃப்டை அன்புராஜ் தலையில் கட்டிவிட்டு மேடை ஏறினார். அன்புராஜ் இறந்தார். மன்றம் அன்றோடு முடிந்தது.’ மே பதினெட்டாம் தேதி மேடையில் நானே இதைப் பாடப்போகிறேன். பேசினால் திக்கும்.

தணிகைவேல்


ஊத்துக்கோட்டை
6.4.2025

அண்ணனுக்கு,

அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். அது பொய்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். பக்கத்து அறையில் மதன் பிள்ளைகள் டிவி பார்க்கிறார்கள். அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். இத்தனை பேர் இருக்கிற வீட்டில் இதை இதுவரை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

அவரைப் போகச் சொன்னது நான்.

பதினான்கு வருஷத்தில் ஒரு நாடகத்தையாவது அவர் முன்னால் உட்கார்ந்து பார்த்தாரா? உங்களுக்கே தெரியும். லைட் போர்டு பக்கத்தில் நின்று, என் முதுகையும் ஒரு காதையும்தான் பார்த்திருக்கிறார். ஷிஃப்ட் என்றால் அதுவும் இல்லை. கடைசி நாடகத்துக்குத்தான் முதல் முறையாக ஞாயிற்றுக்கிழமையும் அவருடைய விடுமுறையும் ஒன்றாக வந்தன. லைட்டுக்கு வெளியாளை ஏற்பாடு செய்தார். நீலச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டார். இரண்டு வாரமாக அதே பேச்சு. அந்த ஒப்பாரியை நான் வீட்டில் பாடிப் பாடி அவருக்கு மனப்பாடம். நான் நிறுத்தினால் சமையலறையிலிருந்து அவர் அடுத்த வரியை எடுப்பார். சுருதியே சேராது.

சனிக்கிழமை ஒத்திகை முடிந்து வந்ததும் நான் ஆரம்பித்தேன். அண்ணன் இல்லாமல் நாடகம் நடக்காது, நீ அவர் ஷிஃப்டுக்குப் போ என்றேன். அவர், “இன்னா சுமா, ஒரு நாளு நான் முன்னாடி குந்திக்கினு பாக்கக் கூடாதா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை. “நீ பாக்காட்டி இன்னா ஆயிடும்? அண்ணன் வராட்டி எல்லாமே போச்சு. அடுத்த தபா பாத்துக்கோ” என்றேன். இன்னும் சொன்னேன். நீ மேடை ஏறுகிறவன் இல்லை, உனக்கு இது புரியாது என்றேன். காலையில் எழுந்ததும் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். “நல்லா பாடு” என்று மட்டும் சொன்னார். நீலச் சட்டை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மதன் உங்களை அடித்தபோது நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் தம்பியைப் பிடித்து நிறுத்தி, ‘நான்தான்டா அனுப்பினேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் மேல் கோபம் இருக்கிற வரைக்கும் எனக்கு மூச்சுவிட முடிந்தது. ஐம்பது நிமிடம், ஐம்பது நிமிடம் என்று நினைத்துக்கொண்டே எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

பிரேமா அண்ணி ஒரு தடவை ஊத்துக்கோட்டை வரைக்கும் பஸ் பிடித்து வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. அண்ணியிடமும் இதைச் சொல்லுங்கள்.

சுமலதா


திருப்பாச்சூர்
15.4.2025

சுமலதாவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் உன் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். சொல்கிறேன்.

மில் கேன்டீனில் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. பதினொரு மாதம் பார்த்தேன். பிறகு வேலையை விட்டேன். லோகு இன்றுவரை என் போனை எடுப்பதில்லை. பிரேமாவிடம் சொல் என்கிறாய். போன வருஷம் ஐப்பசியில் பிரேமா இறந்துவிட்டாள். மஞ்சள் காமாலை. திலகவதி உன்னிடம் சொல்லவில்லைபோல. கடைசி வரைக்கும் அவளும், நான்தான் அன்புராஜைக் கட்டாயப்படுத்தி அனுப்பினேன் என்று நம்பினாள். “ஒரு வார்த்த உண்மைய சொல்லுய்யா, நான் ஒன்னும் கோச்சிக்க மாட்டேன்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாள். நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவளிடம் நான் எங்கே போய்ச் சொல்வது?

இது முதல் நாள் கோபம். இரண்டாம் நாள், அந்த நீலச் சட்டை கண்ணிலேயே நின்றது. மூன்றாம் நாள் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் போன கடிதத்தில் நானும் உன்னிடம் பொய்தான் எழுதினேன்.

அடிபட்டிருக்கிறது என்று மட்டும் சடையப்பன் சொல்லவில்லை. “அண்ணே, ரொம்ப மோசமா கீது. சுமா, சுமான்னு அக்காவயே கேக்கறாரு. பைபாஸ்ல வந்துக்கினு கீறோம். பஜார் முனையில நிறுத்தறேன், அக்காவ கூட்டியாந்து ஏத்துங்க” என்றான். எல்லாம் புரிந்தது. நிறுத்தினால் ஐந்து நிமிடம் போகும், அந்த ஐந்து நிமிடத்தில் உயிர் போய்விட்டால் என்று பயந்தேன். “நே... நேரா போ” என்றேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. நீ மேடையில் அப்படிப் பாடிக்கொண்டிருந்தாய். பதினான்கு வருஷத்தில் நாம் அப்படி ஒரு நாடகம் போட்டதில்லை. மண்டபமே அழுதுகொண்டிருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு நொடி எனக்கு அன்புராஜைவிட நாடகம் பெரிதாகத் தெரிந்தது. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போனை வைக்காதே, அவர் காதுகிட்டே வை என்று சடையப்பனிடம் சொன்னேன். என் போனைத் திரைக்கு வெளியே மேடையைப் பார்த்து நீட்டிப் பிடித்தேன். சுமா, சுமா என்று கேட்கிறவருக்கு உன் குரலையாவது கொடுக்கலாம் என்று. ஒப்பாரி முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. கைதட்டல் வந்து கொஞ்ச நேரத்தில் லைன் அறுந்துபோனது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

நீ போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டிய இடத்தில் நான் ஒரு போனை வைத்தேன். உன்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போகாததை இப்படிச் சொல்லி அழகாக்குகிறேன் என்று நீ நினைப்பாய் என்றுதான் இத்தனை வருஷம் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டதா என்றுகூடச் சடையப்பனிடம் நான் கேட்டதில்லை. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

தணிகைவேல்


ஊத்துக்கோட்டை
29.4.2025

அண்ணனுக்கு,

அண்ணி போனது எனக்குத் தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குமேல் அண்ணியைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் மதனையும் அம்மாவையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். மதன் எழுந்து வெளியே போனான். சாயங்காலம்தான் திரும்பி வந்தான். என்னிடம் இன்னும் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை காட்டுப்பள்ளிக்குப் போனேன். சடையப்பன் இப்போது அங்கே துறைமுகத்தில் வேலை செய்கிறான். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சுற்றி வளைக்கவில்லை. போனில் என் பாட்டு அவருக்குக் கேட்டதா என்று கேட்டேன்.

“கேட்டிச்சுக்கா” என்றான். “சைரன் சத்தம் வேற. நான் போன அவரு காதுலயே அமுத்தி வச்சிக்கினு இருந்தேன். அதுவரைக்கும் கத்திக்கினு வந்தாரு. பாட்டு வந்ததும் கம்முனு ஆயிட்டாரு. வாயி மட்டும் அசஞ்சிக்கினே இருந்திச்சு.”

“அப்புறம்?”

“கைதட்டு சத்தம் வந்திச்சுக்கா. என்னப் பாத்தாரு. ‘முடிஞ்சிடுச்சா?’ன்னாரு. நான் இல்லண்ணே, இன்னும் கீதுன்னேன். அத்தோட கண்ண மூடிக்கினாரு. அப்பால பேசல.”

டீ ஆறிப்போய்விட்டது. அவன் வேறு வாங்கி வந்தான். அதையும் நான் குடிக்கவில்லை.

அண்ணா, உங்களுக்கு ஒன்று நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. மண்டபத்தில் யாருமே கவனிக்கவில்லை. லோகு அண்ணன் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசிப்பைச் சமாளித்தார். அந்த ஒப்பாரிக்கு நீங்கள் நான்கு சரணம் எழுதியிருந்தீர்கள். நான் மூன்றுதான் பாடினேன். சண்டை போட்டு உன்னைக் கடலுக்கு அனுப்பினேனே, அதை மனசில் வைக்காமல் கரைக்கு வா என்று படகோட்டியின் மனைவி கெஞ்சுகிற மூன்றாவது சரணம். மத்தியானம் அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு போன முகம் ஞாபகம் வந்தது. அந்த வரியை வாயில் எடுக்க முடியவில்லை. தாண்டி நாலாவதுக்குப் போய்விட்டேன். நாளைக்கு அவரிடம் நேராகவே சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் தாண்டினேன்.

அவருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். கூடவே வாய் அசைத்துக்கொண்டு வந்தவருக்கு அந்தச் சரணம் வராதது தெரியாமல் இருக்குமா? அதற்காகத்தான் முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். சடையப்பன் நல்ல பையன், இன்னும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அவர் காத்துக்கொண்டே போயிருக்கிறார்.

நீங்கள் போனைப் பிடித்ததற்கு நன்றி சொல்வதா, உங்களைச் சபிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் வருகிறது. ஒரே நாளில் மாறி மாறி வருகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நீங்கள் என்னை மன்னித்துவிட்டதாகவும் எழுதாதீர்கள்.

கடைசிப் பக்கத்தை நான் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதில் யார் மேலும் பழி இல்லை. நடந்ததை மணி வாரியாக எழுதியிருக்கிறேன். அவர் ஏன் ஷிஃப்டுக்குப் போனார், யார் அனுப்பினார்கள், போன் எப்போது வந்தது, பாட்டில் எந்தச் சரணம் விட்டுப்போனது. அன்புராஜ், கிரேன் ஆபரேட்டர், வயது நாற்பத்தொன்று, மன்றத்தின் முதல் ஆறு நாடகங்களுக்கும் லைட் போட்டவர் என்று பெயரைப் போட்டிருக்கிறேன். நீங்கள் மேடையில் பாட வேண்டாம். வினோதா டீச்சரைப் படிக்கச் சொல்லுங்கள். லோகு அண்ணனைக் கட்டாயம் கூப்பிடுங்கள். நான் சொன்னேன் என்று சொன்னால் வருவார்.

பதினெட்டாம் தேதி நான் வர மாட்டேன். அந்தப் பெண்கள் நன்றாகப் பாடட்டும். என்னால் மண்டபத்துக்குள் உட்கார முடியாது.

பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை நீங்கள் ஊத்துக்கோட்டைக்கு வாருங்கள். திருவள்ளூரிலிருந்து காலையில் நிறைய பஸ் இருக்கிறது. மதன் வேலைக்குப் போயிருப்பான். திக்கினாலும் பரவாயில்லை, எவ்வளவு நேரமானாலும் பேசுங்கள். எனக்கு அவரைப் பற்றிப் பேச வேண்டும். அவர் எப்படிச் சிரிப்பார், கிரேன் மேலே உட்கார்ந்துகொண்டு என்ன பாடுவார், கேன்டீனில் என்னைப் பற்றி என்ன சொல்வார், இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். இந்த ஊரில் அவரை அப்படித் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

சுமலதா